நின்ற கார் ஏன் கிளம்ப மறுக்கிறது?

பணி ஓய்வு பெற்றவர்களின் வீட்டு வாசலில் கார் நிற்பது இன்று பொதுவான காட்சி. 'நிற்பது' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். வேலைக்குப் போய்வந்த காலத்தில் நாள் தவறாமல் ஓடிய அதே கார், இப்போது வாரம் ஒரு முறை சந்தைக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும், மாதம் ஒரு முறை மருந்து வாங்க மருத்துவமனைக்கும் மட்டுமே போகிறது. பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூருக்கோ, யாத்திரையாகத் தமிழ்நாட்டுக்கோ நாம் போய்விட்டால், அதுவும் இல்லை.

இப்படி நின்ற காரில் ஒரு நாள் காலை ஏறிச் சாவியைத் திருப்பினால், அது முனகுகிறது. அல்லது 'டிக் டிக்' என்று பல்லைக் கடிக்கிறது. அல்லது வாயே திறப்பதில்லை. பெரும்பாலும் அது மருத்துவரைப் பார்க்கும் நாளாகவும் இருந்துவிடும்.

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது இந்தத் தொல்லை பல தாமான்களில் ஒரே சமயத்தில் தலைகாட்டியது. வாரக்கணக்கில் நகராமல் நின்ற கார்கள், வெளியே போக அனுமதி கிடைத்த நாளில் கிளம்ப மறுத்தன. அப்போது பேட்டரி விற்பவர்களுக்கு ஓய்வே இல்லை. புதிய பேட்டரி போட்டவர்களில் பலருக்கு உண்மையாகவே அது தேவைப்பட்டது. வேறு சிலருக்கோ பழைய பேட்டரிக்கு ஓர் இரவு மின்னூட்டம் செய்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும். இன்னும் சிலருக்குப் பேட்டரியில் கோளாறே இல்லை. இந்த மூன்று பிரிவில் நம் கார் எதில் சேர்ந்தது என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே அறிந்துகொள்ள முடியும். அதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை.

முதலில் காதால் கேளுங்கள்

மருத்துவர் நாடி பிடிப்பதுபோல, கார் எழுப்பும் ஒலியைக் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எஞ்சின் சுழல்கிறதா, இல்லையா?

எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பேட்டரியின் மேல் பழி போடக் கூடாது. அது தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு பெட்ரோல் வரும் வழியிலோ தீப்பொறியிலோ இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

எஞ்சின் மெதுவாக, மூச்சு வாங்குவதுபோல் சுழன்றால், மின்சாரம் போதவில்லை என்று பொருள். 'டிக் டிக் டிக்' என்று வேகமாகத் தட்டும் ஒலி மட்டும் கேட்டாலும் அதே நோய்தான், சற்று முற்றியிருக்கிறது. ஸ்டார்ட்டரின் மின்விசை இணைய முயல்கிறது, இணைந்தவுடன் மின்னழுத்தம் சரிந்து விட்டுவிடுகிறது, மறுபடி முயல்கிறது. அந்த ஊசலாட்டமே நம் காதில் விழும் ஒலி. 'டக்' என்று ஒரே ஒரு முறை ஒலித்து அமைதியானால், ஸ்டார்ட்டர் மோட்டாரே சிக்கிக்கொண்டிருக்கலாம்; இணைப்பு கெட்டிருக்கலாம்; பேட்டரியும் தளர்ந்திருக்கலாம். ஓசையே இல்லாவிட்டால், முதலில் கியரைப் பாருங்கள். தானியங்கிக் கியர் உள்ள கார், நிறுத்தும் நிலையிலோ நடுநிலையிலோ இல்லாவிட்டால் கிளம்பாது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் புதிய கார்களில், கையிலிருக்கும் சாவிக்குள் உள்ள சிறு வட்ட பேட்டரி தீர்ந்து போனாலும் கார் ஊமையாகிவிடும். அப்போது சாவியைப் பொத்தானுக்கு அருகே பிடித்து அழுத்தினால் பெரும்பாலான கார்கள் ஏற்றுக்கொள்ளும். நம்மைப் போன்ற வயதினர் இதை ஒருமுறை பழகி வைத்துக்கொள்வது நல்லது.

'விளக்குதான் எரிகிறதே!'

பேட்டரியைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி கேட்கும் வாதம் இது. ஹாரன் ஒலிக்கிறது, விளக்கு எரிகிறது, எனவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்பார்கள். கணக்குப் போட்டால் இது நிற்காது. பழைய வகை முகப்பு விளக்கு ஒன்று 55 வாட். இரண்டும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். ஆனால் ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கிறது. ஒரு குடம் தண்ணீரைச் சுமக்க முடிந்தவர், பத்துப் பதினைந்து குடங்களை ஒரே தலையில் சுமந்துவிடுவார் என்று சொல்வதற்கு ஒப்பாகும் இந்த வாதம்.

ஆயினும் அந்த விளக்கையே ஒரு நல்ல சோதனைக் கருவியாக்கலாம். சுவர்ப் பக்கமாகக் காரை நிறுத்தி முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். விளக்கு மங்கி அணையப் பார்த்தால், பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது அதன் முனைகளில் கோளாறு. விளக்கு சற்றும் மங்காமல் பிரகாசமாக இருக்க, எஞ்சின் மட்டும் அசையாவிட்டால், மின்சாரம் ஸ்டார்ட்டரை எட்டவே இல்லை. அந்த நிலையில் புதிய பேட்டரி வாங்கிப் பயனில்லை.

முனைகளைப் பற்றி ஒரு சொல்

எங்கள் தாமானில் கணவரை இழந்த ஓர் அம்மையார் இருக்கிறார். கணவர் ஆசையாக வைத்திருந்த பழைய புரோட்டோன் சாகாவை விற்க மனம் வரவில்லை. அவருக்கு ஓட்டத் தெரியாது. சிறுநீரகச் சிகிச்சைக்குப் போகும் நாள்களில் பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டுவார். கார் கிளம்பச் சிரமப்பட்டது. ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தது, மறுபடியும் முனகல். அதே பட்டறையில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்ற வேண்டும் என்றார்கள். ஓய்வூதியத்தில் வாழும் அம்மையார், சிகிச்சைக்கு வைத்திருந்த பணத்தை எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

வேறொரு போர்மேனை அழைத்து வந்தோம். நம் ஊரில் கார் பழுது பார்ப்பவரைப் போர்மேன் என்றே அழைக்கிறோம். பெயர் எப்படி ஒட்டிக்கொண்டதோ, ஒட்டிக்கொண்டது. அந்த இளைஞர் பேட்டரியையும் தொடவில்லை, ஸ்டார்ட்டரையும் தொடவில்லை. தம்பியைச் சில விநாடிகள் சாவியைத் திருப்பச் சொன்னார். பிறகு சாவியை எடுக்கச் சொல்லிவிட்டு, பேட்டரியின் எதிர்முனையிலிருந்து காரின் உடலுக்குப் போகும் கறுப்புக் கம்பியை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"சார், இங்க மெதுவா தொட்டுப் பாருங்க, சுடுது" என்றார்.

கம்பி உடலோடு இணையும் போல்ட்டின் அடியில் நன்றாகத் துருப் பிடித்திருந்தது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முறுக்கினார். கால் மணி நேர வேலை. ஸ்டார்ட்டர் மாற்றப்படவில்லை.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. துரு மின்சாரத்தைத் தடுக்கிறது. தடைபட்ட மின்சாரம் அந்த இடத்தில் வெப்பமாகிறது. ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர வேண்டியது வழியிலேயே செலவாகிறது. புதிய பேட்டரி முழு வலுவோடு இருந்தவரை அந்தத் தடையையும் மீறி எஞ்சினைச் சுழற்றியது. இரண்டு வாரம் நின்று சற்றுத் தளர்ந்ததும் தடை வென்றுவிட்டது. பேட்டரி மாற்றியதும் சரியாகி, பிறகு பழைய கதை திரும்பினால், இணைப்புகளைப் பார்க்காமல் வேறெதையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பேட்டரி முனைகளின் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் பொடியும் இதே தீங்கைச் செய்யும். சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றிப் பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். அந்தப் பொடியில் அமிலம் உண்டு. கையுறை அணிந்துகொள்ளுங்கள், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். முனைகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். வரிசையை மாற்றினால், நேர்முனையில் இருக்கும் ஸ்பேனர் காரின் இரும்பில் பட்டுப் பெரும் பொறி பறக்கும்.

இருபது வெள்ளிக் கருவி

இரும்புச் சாமான் கடைகளில் மல்ட்டிமீட்டர் என்ற சிறு அளவி மலிவாகக் கிடைக்கிறது. பேட்டரியை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. இரவு முழுதும் நின்ற காரில், காலையில் கதவுகளை மூடி, எதையும் போடாமல், பேட்டரியின் இரு முனைகளிலும் அளவியை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் ஏறக்குறைய கால் பங்குதான். அரை வோல்ட் குறைவு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பேட்டரி விஷயத்தில் அது நிறைவுக்கும் வறட்சிக்கும் உள்ள தூரம். கார் ஓடி முடித்த உடனே அளந்தால் எண் பொய் சொல்லும். சில மணி நேரம் ஓய்ந்திருக்க வேண்டும்.

அடுத்து, ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் அளவியைப் பார்க்கட்டும். எஞ்சின் சுழலும்போது எண் இறங்குவது இயல்பு, 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஓய்விலிருந்தபோது 12.6 காட்டிய பேட்டரி, சுழற்றும்போது எட்டுக்குச் சரிந்தால், அது முதுமை அடைந்துவிட்டது. மின்னூட்டம் செய்து காப்பாற்ற முடியாது. ஓய்விலேயே 12.0 தான் காட்டுகிறது என்றால், அது பசியோடு இருக்கிறது. முதலில் நிறைத்துப் பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பசியையும் முதுமையையும் பிரித்தறியாமல் பேட்டரியை மாற்றுவதால்தான் வீண் செலவு.

எஞ்சின் கிளம்பிய பின் மீண்டும் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்து 12 அளவிலேயே நின்றால், ஆல்டர்னேட்டர் மின்னூட்டம் செய்யவில்லை. புதிய தலைமுறைக் கார்கள் சிலவற்றில் கணினியே இந்த அளவைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஒரே ஒரு முறை பார்த்து முடிவுகட்ட வேண்டாம்.

நிற்கும் கார் என்ன சாப்பிடுகிறது?

ஆசிரியராக இருந்த பழக்கம், இந்த இடத்தில் கரும்பலகையைத் தேடுகிறது. நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் என்.எஸ். 60 என்ற அளவுள்ள பேட்டரி இருக்கும். அதன் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி. கார் நிற்கும்போதும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை, கணினியின் நினைவகம், தூரத்திலிருந்து திறக்கும் பூட்டு ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு என்று பொதுவாகக் கொள்வார்கள். நாம் 30 என்றே வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் 0.72 ஆம்பியர்-மணி. 30 நாளில் 21.6. அதாவது, எந்தக் கோளாறும் இல்லாத கார், ஒரு மாதம் நின்றால் பேட்டரியில் பாதியைத் தானே தின்றுவிடுகிறது! பேட்டரி தனக்குள்ளேயே இழப்பது தனி. வெப்பம் கூடினால் அந்த இழப்பும் கூடும். நம் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிப் போகின்றன. பிறகு எவ்வளவு மின்னூட்டம் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை.

ஒரு மாதத்துக்குப் பதில் மூன்றே நாளில் பேட்டரி இறங்கினால், எங்கோ திருட்டு நடக்கிறது. பின்பெட்டி விளக்கு அணையாமல் இருக்கலாம். பிறகு பொருத்திய ரேடியோ இருக்கலாம். இக்காலத்தில் முதல் சந்தேகம், கார் நிற்கும்போதும் படம்பிடிக்கும் கேமராவின் மேல்தான். அது 300 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், மேலே போட்ட 21.6 ஐ மூன்றே நாளில் தீர்த்துவிடும். அந்தக் கேமராவின் இணைப்பை எடுத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். கசிவை அளவியால் அளப்பதும் உண்டு. ஆனால் அளவியைத் தொடரில் இணைத்து, காரின் கணினி உறங்கும்வரை அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்; மறந்து சாவியைத் திருப்பினால் அளவி பழுதாகும். அதைப் போர்மேனிடம் விட்டுவிடுவதே என் யோசனை.

'தினமும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுகிறேன்' என்று சொல்பவர்கள் உண்டு. இதையும் கணக்கில் பார்த்துவிடலாம். எஞ்சினைக் கிளப்ப ஆகும் செலவு நாம் நினைப்பதைவிடக் குறைவு: 150 ஆம்பியர் இரண்டு விநாடிக்கு என்றால், 0.08 ஆம்பியர்-மணிதான். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் பேட்டரிக்கு 10 ஆம்பியர் கொடுப்பதாக வைத்தால், ஐந்து நிமிடத்தில் 0.83 கிடைக்கும். கிளப்பிய செலவு போக மீதி, ஒரு நாள் இழப்பை ஈடுகட்டும். ஆக, தினமும் செய்தால் பேட்டரி கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். குளிர்சாதனத்தைப் போடாமல் இருந்தால்! வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் என்றால் கணக்கு உதைக்கிறது. ஏழு நாளில் ஐந்து ஆம்பியர்-மணி போயிருக்கும். திரும்பி வருவது ஒன்றுகூட இல்லை. மேலும், எஞ்சின் முழுமையாகச் சூடேறாததால் புகைக்குழாயிலும் எண்ணெயிலும் நீர் தங்கிவிடும். வாரம் ஒரு முறை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டுவதே நல்லது. சக்கரங்களும் பிரேக்கும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

நன்றாகச் சுழன்றும் பற்றாத எஞ்சின்

1985 இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994 இல் வந்த பெரோடுவா கஞ்சிலிலும் கார்புரேட்டர்தான் இருந்தது. அந்தக் காலத்துக் கார் நெடுநாள் நின்றால், கார்புரேட்டரின் சிறு கிண்ணத்திலிருந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். அது மறுபடி நிரம்பும்வரை எஞ்சினைச் சற்று அதிகம் சுழற்றத்தான் வேண்டும். அது நோய் அன்று, இயல்பு.

இன்றைய கார்களில் தொட்டிக்குள் உள்ள மின்பம்பு பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்புகிறது. நிறுத்திய பின்னும் அந்த அழுத்தத்தைக் காக்க ஒரு வால்வு உண்டு. அது தேய்ந்தால், இரவு நின்ற கார் காலையில் நெடுநேரம் சுழன்ற பிறகே பற்றும். இதைக் கண்டறிய எளிய வழி: சாவியைக் கிளப்பும் நிலைக்குக் கொண்டுபோகாமல், அதற்கு முந்தைய நிலையில் இரண்டு விநாடி வையுங்கள். பின்னிருக்கைப் பக்கம் பம்பு மெல்ல ரீங்கரிக்கும். சாவியை அணைத்து, இப்படி மூன்று முறை செய்து, பிறகு கிளப்புங்கள். உடனே பற்றிக்கொண்டால், கசிவது அழுத்தம்தான். ரீங்காரமே கேட்காவிட்டால் பம்பையோ அதன் பியூசையோ பார்க்கச் சொல்லுங்கள்.

பொன்னெட்டைத் திறந்து எலி வந்த தடயம் உண்டா என்றும் பாருங்கள். நின்ற காரின் மின்கம்பிகளை எலி கடிப்பது நம் ஊரில் அரிதல்ல. மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்த பெட்ரோலும் எளிதில் தீப்பற்றும் பகுதியை இழந்துவிடும். புதிய பெட்ரோல் கொஞ்சம் ஊற்றுவது உதவும். எதுவானாலும், பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றாமல், நடுவே ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரும் சூடேறும். நன்றாயிருந்த பேட்டரியும் தீரும்.

பக்கத்து வீட்டாரின் பேட்டரி

வேறொரு காரிலிருந்து மின்சாரம் வாங்கிக் கிளப்பும்போது வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியின் ஒரு முனை தளர்ந்த பேட்டரியின் நேர்முனையில். மறுமுனை நல்ல பேட்டரியின் நேர்முனையில். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் கடைசி முனையைத் தளர்ந்த காரின் பேட்டரியில் அல்லாமல், எஞ்சினின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி எழும். பேட்டரியின் மேலே ஹைட்ரஜன் வாயு தங்கியிருந்தால் அது வெடிக்கலாம். வீங்கிய பேட்டரிக்கும் வெடிப்பு விழுந்த பேட்டரிக்கும் இதைச் செய்யவே கூடாது. ஹைப்ரிட் கார் வைத்திருப்போர் கையேட்டைப் பார்க்காமல் தொட வேண்டாம்; அதிலுள்ள ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயிருக்கே ஆபத்தானவை.

ஒரு மாதம் ஊருக்குப் போவதானால்

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, துணி சுற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போகலாம். கார் உறிஞ்சும் 21.6 மிச்சமாகும். ஆனால் அதற்கு முன் சிலவற்றைக் கவனியுங்கள். எதிர்முனையைக் கழற்றினால் மின்பூட்டு வேலை செய்யாது. கதவை இரும்புச் சாவியால் பூட்டித் திறக்க முடிகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பின்கதவு மின்சாரத்தால் மட்டும் திறக்கும் வகையானால், அதற்குள் தேவையான பொருள் எதையும் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். சில ரேடியோக்கள் மறுபடி இணைத்ததும் இரகசிய எண் கேட்கும். கையேட்டில் அதைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டால், கைப்பிரேக்கை இழுத்து வைக்கத் தேவையில்லை; பிரேக் ஒட்டிக்கொள்ளாது. திரும்பி வந்து இணைத்ததும் முதல் சில நிமிடங்கள் எஞ்சின் சற்றுத் தடுமாறி ஓடும். கணினி மறந்ததை மறுபடி கற்றுக்கொள்கிறது. கடிகாரத்தை மட்டும் நீங்கள்தான் திருத்தி வைக்க வேண்டும்.